தமிழ்த் தட்டெழுத்துப் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

எழுதுகருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரைப் பற்றியே பேசுவர். அவற்றைக் கையாளப் பயின்றோரின் வரலாறு போதிய கவனத்தைப் பெறவில்லை. ஆயின், ஒரு கருவி சமுதாயத்தில் வேரூன்றுவது பயிற்சியினாலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. மணலில் விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளி மாணவனுக்கும், கணினித் திரையின் முன் அமர்ந்து பயிற்று மென்பொருளின் துணையுடன் தமிழ் விசைகளைப் பழகும் இன்றைய மாணவிக்கும் இடையே ஒரு தொடர்ச்சி உண்டு. அத்தொடர்ச்சியில் நேர்ந்த மாற்றங்களையே இங்கு நோக்க முனைகின்றோம்.

தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் முன்னோடியாகப் போற்றப்படும் ஆர். முத்தையா 1886 இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிற் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்ந்தவர். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கென உருவான பொறியில் தமிழின் 247 எழுத்துகளை அடக்குவதே அவர் எதிர்கொண்ட பிரச்சினை. எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்தும், நகரா விசைகளைக் கையாண்டும் அதற்குத் தீர்வு காணப்பட்டது. புள்ளிக்குரிய விசையைத் தட்டும்போது தாங்கி நகர்வதில்லை. அடுத்துத் தட்டப்படும் எழுத்து அப்புள்ளியின் கீழ் வந்தமரும். எனவே, ‘க்’ என எழுதப் புள்ளியை முதலிலும் ககரத்தைப் பின்னரும் தட்டவேண்டியிருந்தது. ‘கொ’ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டல்கள் தேவைப்பட்டன. எழுத்தின் ஒலியன்றி, கண்ணுக்குத் தோன்றும் வடிவமே விரல்களின் ஒழுங்கை நிர்ணயித்தது.

இவ்வொழுங்கைக் கற்பித்தவை தட்டெழுத்துப் பயிற்சி நிலையங்களாகும். விசைகளைப் பாராது தட்டுதல், ஒரே வரியைப் பன்முறை அடித்தல், வேகத்தையும் பிழையையும் கணக்கிடுதல் ஆகியன அவற்றின் பயில்நெறி. நடுத்தர வர்க்கத்தினரும் அதற்குக் கீழ்ப்பட்டோரும், சிறப்பாகப் பெண்கள், அலுவலகத் தொழிலை அடைவதற்கு இந்நிலையங்கள் வாயிலாயின. ஆயினும் கட்டணம் செலுத்த இயலாதோர்க்கும் பொறியே இல்லாத கிராமத்தவர்க்கும் அவ்வாயில் திறக்கவில்லை.

கணினியின் வருகை இந்நிலையை மாற்றியது. இயந்திரத் தாங்கியின் கட்டுப்பாடு நீங்கியதும், விசைகளைத் தமிழெழுத்தின் இயல்புக்கேற்ப அமைத்தல் சாத்தியமாயிற்று. 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டையொட்டி, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை இதற்குச் சிறந்த சான்று. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் பெரும்பாலான மெய்கள் வலக்கைக்கும் உரியன. மெய்யைத் தட்டிப் பின் உயிரைத் தட்ட உயிர்மெய் பிறக்கும். ‘கொ’ என்பதற்கு க, ஒ என இரு தட்டல்களே போதும். ஒரே மெய் இரட்டிப்பினும், மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வரினும் புள்ளி தானே தோன்றும்: அ, ம, ம, ஆ எனத் தட்ட ‘அம்மா’, ப, ந, த, உ எனத் தட்டப் ‘பந்து’. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்ற தொல்காப்பியக் கருத்தும், இனவெழுத்துப் பற்றிய இலக்கண அறிவும் இங்கு விரல்களின் பழக்கமாகிவிடுகின்றன எனலாம்.

பயிற்று மென்பொருள் பழைய நிலையங்களின் நெறியையே பெரிதும் பின்பற்றுகின்றது. நடுவரிசை விசைகளில் தொடங்கி, சொல், வாக்கியம் எனப் படிப்படியாக வளர்த்து, வேகத்தையும் பிழையையும் உடனுக்குடன் அறிவிக்கின்றது. கட்டணமும் கண்டிப்பும் இன்றி, கற்போர் தத்தம் வேகத்திற் பயில அது இடமளிக்கின்றது. இது வரவேற்கத்தக்க சனநாயகப் பண்பாகும்.

ஆயின், மென்பொருள் எந்த விசைப்பலகையைக் கற்பிப்பது? இவ்வினாவை மென்பொருள் தீர்க்கவியலாது, சமுதாயமே தீர்க்கவேண்டும். தமிழ்நாடு தமிழ்99 ஐ ஏற்க, இலங்கையின் 2008 ஆம் ஆண்டுத் தரமோ ரெங்கநாதன் விசைப்பலகையைச் சார்ந்தது. பாமினி எழுத்துருவிற் பழகிய அச்சக ஊழியர் கொம்பை முதலில் தட்டும் வழக்கினர். இப்பிளவினிடையே வேறொரு வழக்கு வலுப்பெற்றுள்ளது. தமிழ் விசைகளை முறையாகப் பயிலாதோர் உரோம எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுகின்றனர். இம்முறைகள் பலவற்றில் லகர ளகர வேறுபாடு ஆங்கிலச் சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாடாகச் சுருங்கிவிடுகின்றது. அவசரத் தேவைக்கு அது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், ஆங்கில எழுத்தறிவைத் தமிழெழுதுவதற்கு முன்நிபந்தனையாக்கும் எம்முறையும், அவ்வறிவைப் பெற வாய்ப்பற்ற பெரும்பான்மையோரைப் புறத்தே நிறுத்துவதாகும்.

1956 இன் அரசகரும மொழிச் சட்டம் தமிழை விலக்கியமையும், 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றமையும் யாவரும் அறிந்தவை. சட்டத்தில் உள்ள உரிமை, ஒரு குடிமகனின் விண்ணப்பத்துக்கு இலிகிதர் ஒருவர் தமிழிற் பதில் தட்டும்போதே நடைமுறையாகின்றது. அவ்விலிகிதருக்குப் பயிற்சி வேண்டும். பாடசாலைகளிலே தமிழ்த் தட்டெழுத்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே விசைப்பலகையில், கட்டணமின்றிக் கற்பிக்கப்படுதல் வேண்டும். கருவி நம் கைக்கு வந்துவிட்டது. அதனைப் பொதுவுடைமையாக்கும் பொறுப்பு நம்முடையதே.