முல்லரும் ஹாகன்சனும்: எண்ணூர்ச் சேற்றுக்கு எந்த அளவுகோல்?

கழிமுகச் சேற்றில் உலோக மாசு எவ்வளவு என்று பார்க்கும் ஆய்வுகளில் இரண்டு குறியீடுகள் ஜோடியாகவே வரும். ஒன்று, ஜெர்மனியின் முல்லர் 1969இல் தந்த புவித்திரள் குறியீடு. மற்றது, சுவீடனின் லார்ஸ் ஹாகன்சன் 1980இல் தந்த சூழலிடர் குறியீடு. இரண்டையும் கணக்கிட்டு, ஆளுக்கொரு அட்டவணை போட்டு முடித்துவிடுவதுதான் வழக்கம்.

இயற்கையாக இருக்கவேண்டியதைவிட எவ்வளவு கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்று மட்டும் முல்லர் கேட்கிறார். அளந்த செறிவை இயல்புச் செறிவின் ஒன்றரை மடங்கால் வகுத்து, இரண்டை அடியாகக் கொண்டு மடக்கை எடுத்தால் போதும். ஹாகன்சனோ அந்தந்த உலோகத்தின் நச்சுக்கும் எடை போடுகிறார்: பாதரசம் 40, காட்மியம் 30, ஆர்சனிக் 10, ஈயமும் செம்பும் 5, குரோமியம் 2, துத்தநாகம் 1.

ஒரு மாதிரியில் காட்மியம் 0.9 பிபிஎம், துத்தநாகம் 285 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். இயல்புச் செறிவாகக் கொள்ளும் உலகக் களிப்பாறைச் சராசரி முறையே 0.3, 95. இரண்டும் மும்மடங்கு, முல்லர் கணக்கில் இரண்டுக்கும் 1தான். அந்த மடங்கை நச்சு எடையால் பெருக்கும் ஹாகன்சன் கணக்கிலோ காட்மியத்துக்கு 90, துத்தநாகத்துக்கு வெறும் 3. முன்னது கணிசமான இடர், பின்னது பொருட்படுத்த வேண்டாதது.

எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களை நினைத்தால், ஹாகன்சனே பயனுள்ளவர் என்று தோன்றும். ஆனால் தனித்தனி எண்களைக் கூட்டிவரும் கூட்டுத்தொகைக்கு அவர் வகுத்த 150 என்ற முதல் எல்லை, பிசிபி என்ற கரிம மாசு உட்பட எட்டு மாசுகளுக்கானது. நம் ஆய்வுகள் பலவற்றில் நாலைந்து உலோகங்களைக் கூட்டிவிட்டு, அதே 150க்குக் கீழ் என்றால் ‘இடர் குறைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். பாதரசத்தை அளக்காமலே விட்டால் எந்தச் சேறும் சுத்தமாகத்தான் தெரியும்! முல்லரிடம் இந்தக் கூட்டல் வேலையே இல்லை.

பொதுக் குறைகளும் உண்டு. முகத்துவார மணலில் உலோகம் அவ்வளவாகத் தங்காது. அனல்மின் நிலையச் சாம்பல் குழம்பு படிந்த நுண்சேற்றோடு அதை நேரடியாக ஒப்பிட்டால் கணக்கு கோணும். நுண்துகளின் பங்கைக் காட்டும் அலுமினியத்தைக் கொண்டு சரிக்கட்டியே ஆகவேண்டும். உலகச் சராசரிக்குப் பதில் அதே கழிமுகத்தின் அடியடுக்குச் சேற்றை இயல்பளவாகக் கொள்வதே என் கட்சி. இயல்பளவு பாதியானால் முல்லர் எண் 1 கூடும், ஹாகன்சன் எண் இரட்டிக்கும். போதாக்குறைக்கு, ஹாகன்சன் மனத்தில் வைத்திருந்தது நன்னீர் ஏரிகளை. கழிமுகத்தில் உவர்நீரின் குளோரைடோடு சேர்ந்து காட்மியம் சேற்றைவிட்டு நீருக்கு நழுவும். சேற்றின் மொத்த அளவை மட்டும் வைத்துப் போடும் கணக்கில் அது சிக்காது.

சாம்பல் குழாய்க் கசிவிலிருந்து முகத்துவாரம் வரை மாசு எப்படிப் பரவியது என்று தடம் பிடிக்க முல்லரை எடுப்பேன். இறாலின் சதையில் எந்த உலோகத்தை முதலில் சோதிப்பது என்று முடிவுசெய்ய ஹாகன்சனின் தனி உலோக எண்கள் போதும்; அவருடைய கூட்டுத்தொகை வேண்டாம்.