உடைந்தால் யார் திருத்துவது?

1966இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் செயலிழந்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் ஹொட்ச்கிஸ். 1980இல் நிக்கரகுவா போனபோது, நான்கு இளைஞர்கள் ஒரே சக்கர நாற்காலியை மாறி மாறிப் பாவிப்பதைக் கண்டார்.

அவர் செய்தது எனக்குப் பிடித்த வேலை. நாற்காலிகளைக் கப்பலில் ஏற்றவில்லை. உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யக்கூடிய வடிவத்தை அவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். மெல்லிய இரும்புக்குழாய், சைக்கிள் சில்லு. உடைந்தால் சைக்கிள் கடைக்காரரே திருத்திவிடலாம். காப்புரிமையும் எடுக்கவில்லை! மணலில் புதையாத அகன்ற றப்பர் முன்சில்லுக்கு 'சிம்பாப்வே சில்லு' என்றே பெயர்.

நாங்கள் ஊருக்கு அனுப்பும் பழைய ஆஸ்பத்திரி நாற்காலிகள் வழவழப்பான தரைக்குச் செய்தவை. ஒழுங்கை மணலில் அவற்றைத் தள்ள இன்னொருவர் வேண்டும். அனுப்புமுன் முன்சில்லைப் பாருங்கள்.