இலுப்பைப்பூவும் மகுவாவும்: நாட்டு மதுவின் சொல் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1. முன்னுரை

‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்பது தமிழில் பெருவழக்கான பழமொழி. கரும்பாலை இல்லாத ஊரில் இனிப்புக்கு இலுப்பைப்பூவே கதி என்பது இதன் நேர்ப்பொருள். இந்தி, மராத்தி, ஒடியா முதலிய மொழிகளிலிருந்து தமிழுக்குப் பெயர்க்க முற்படுவோர் ‘மகுவா’ என்னும் சொல்லை எதிர்கொள்ளும்போது இப்பழமொழி குறிக்கும் அதே மரத்தையே எதிர்கொள்கின்றனர். வடமொழியில் மதூகம், நடு இந்தியாவில் மகுவா, தமிழில் இலுப்பை. வடக்கிலும் தெற்கிலும் வளர்வன ஓரினத்தின் இரு வகைகள் எனத் தாவரவியலார் கொள்வர். ஆயினும் தமிழர் நினைவில் இலுப்பை என்பது கோயில் விளக்கிற்கு எண்ணெய் தரும் மரம். நடு இந்தியப் பழங்குடியினர் நினைவில் மகுவா என்பது உணவும் மதுவும் தரும் மரம். பொருள் ஒன்றாயிருப்பினும் சொல் தரும் உலகம் வேறு.

ஊணும் குடியும் பற்றிய எளிய உரையாடல்களே மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் இடறச் செய்பவை. அகராதியில் நேர்ச்சொல் கிடைத்துவிடுவதால் ஐயம் எழுவதில்லை. அச்சொற்களுள் சிலவற்றின் வரலாற்றையும், அவ்வரலாற்றில் ஆயத்தீர்வைச் சட்டங்கள் வகித்த பங்கினையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. பெயர்களின் பிறப்பு

மதுவைக் குறிக்கும் சொற்கள் பல, மதுவைக் குறிக்கத் தோன்றியவை அல்ல. ‘அரக்கு’ என ஐரோப்பியர் வழங்கிய சொல்லின் மூலம் ‘வியர்வை’ எனப் பொருள்படும் அரபுச் சொல். வாலையின் குளிர்ந்த பகுதியில் துளித்துளியாகத் திரளும் வடிநீரை வியர்வைக்கு ஒப்பிட்டதால் விளைந்த பெயர் அது. கோவாவில் முதல் வடிப்பைக் குறிக்கும் ‘ஊர்ராக்’ என்பதும் இதன் வழிவந்ததே. ‘தாரு’ என்பது பாரசீகத்தில் மருந்து. இந்தியில் இன்று அது மது. எனினும் ‘தவா-தாரு’ என்னும் இணைமொழியில் பழைய பொருள் நிலைத்துள்ளது. அதனை ‘மருந்தும் மதுவும்’ எனப் பெயர்த்தல் பிழை. ‘மருத்துவம் பார்த்தல்’ என்பதே அதன் கருத்து. ஜார்க்கண்டில் அரிசியைப் புளிக்கவைத்து உண்டாக்கும் ‘ஹண்டியா’ பானையின் பெயரால் அமைந்தது. அதனை வாலையில் வடிப்பதில்லை. எனவே அதனைச் ‘சாராயம்’ என்றல் பொருந்தாது. சங்க நூல்களில் அரிசியாலான மதுவைக் குறிக்கும் ‘தோப்பி’ இதற்கு நெருங்கிய சொல்லாயினும் இன்று வழக்கொழிந்தது.

வரியின் பெயர்களும் நோக்கத்தக்கன. இந்தியிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் வழங்கும் ‘ஆப்காரி’ என்பது பாரசீகத்தில் ‘நீர்’, ‘வேலை’ என்னும் இரு சொற்களின் கூட்டு. தமிழில் வழங்கும் ‘கலால்’ என்பதோ மது வடித்து விற்கும் தொழிலினரைக் குறித்த வடநாட்டுச் சொல். துணிக்கும் தீப்பெட்டிக்கும் உரிய மைய அரசின் வரி, 2017இல் பொருள் சேவை வரியில் பெரும்பகுதி இணையும் வரை, தமிழில் சாராயம் வடிப்போரின் பெயரையே தாங்கி வந்தது.

3. வழக்கம் குற்றமான வரலாறு

மகுவா பங்குனி, சித்திரை மாதங்களில் பூக்கும். சதைப்பற்றுள்ள பூக்கள் இரவில் உதிரும். விடியலில் பெண்களும் சிறுவரும் அவற்றைப் பொறுக்குவர். உலர்ந்த பூவில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. பூவை அவித்தும் வறுத்தும் உண்பதுண்டு. விளைச்சல் பொய்த்த காலங்களில் அதுவே உணவு. எஞ்சியதை நீரில் ஊறவைத்துச் சில நாள் புளித்தபின் பானையில் இட்டு வடிப்பர். பிறப்பு, மணம், இறப்பு ஆகிய சடங்குகளிலும் தெய்வப் படையலிலும் அம்மதுவிற்கு இடமுண்டு.

பம்பாய் மாகாணத்தில் 1878ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் இந்நிலையை மாற்றியது. வடிப்பு அரசின் கண்காணிப்பிலுள்ள மைய வடிசாலைகளில் குவிக்கப்பட்டது; விற்பனை உரிமை குத்தகைதாரர்க்குச் சென்றது. தென் குஜராத்தில் அவருள் பலர் பார்சி வணிகர். வீட்டில் வடித்தல் குற்றமாயிற்று. 1892ஆம் ஆண்டின் பம்பாய் மௌரா சட்டம் இன்னும் ஒரு படி சென்று, தாணா, கொலாபா மாவட்டங்களில் மகுவாப் பூவைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையுமே கட்டுப்படுத்தியது. பூ மதுவாவதற்கு முன்பே, உணவாக இருக்கும் நிலையிலேயே, சட்டத்தின் பார்வைக்கு உள்ளாயிற்று.

இம்மாற்றத்தை வரலாற்றறிஞர் டேவிட் ஹார்டிமன் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1922இல் தென் குஜராத்துப் பழங்குடியினரிடையே பரவிய ‘தேவி’ இயக்கம் பற்றிய அவரது நூல் 1987இல் வெளிவந்தது. தெய்வமேறியோர் வாயிலாகத் தேவி இட்ட கட்டளைகளுள் முதன்மையானது மது ஒழித்தல். பார்சி மது வணிகருடன் உறவறுத்தலும் அவற்றுள் ஒன்று. ஆகவே இங்கு மதுமறுப்பினை ஒழுக்கச் சீர்திருத்தம் என்ற அளவில் மட்டும் கொள்ளுதல் இயலாது. வடிக்கும் உரிமையைப் பறித்து விற்கும் உரிமையைப் பெற்றவனை மறுத்த செயலும் ஆகும் அது.

4. ஒரே தொழில், இரு பெயர்

கோவாவின் பென்னி இதற்கு நேர்மாறான வரலாறுடையது. முந்திரி மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியரால் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. உதிர்ந்த பழங்களைக் கோடையில் பொறுக்கி, மிதித்துச் சாறெடுத்து, புளிக்கவைத்து, ‘பட்டி’ எனப்படும் அடுப்பில் ஏற்றி வடிப்பர். முதல் வடிப்பு ஊர்ராக். மேலும் வடித்தால் பென்னி. நுரை எனப் பொருள்படும் கொங்கணிச் சொல்லோடு இப்பெயரை இணைப்பர். 2009இல் முந்திரிப் பென்னிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் கோவா அரசு பென்னியை மரபு மதுவாக ஏற்றது.

மகுவாவும் பென்னியும் உதிர்ந்ததைப் பொறுக்கி, ஊறவைத்து, பானையில் வடிப்பவை. தொழில்நுட்பத்தில் பெரும் வேறுபாடு இல்லை. ஒன்று நெடுங்காலம் ‘கள்ளம்’ எனவும், மற்றொன்று ‘மரபு’ எனவும் பெயர் பெற்றமைக்குக் காரணம் பானையில் இல்லை. ஆட்சிகளின் சட்டத்திலும் வணிகத்திலும் உள்ளது. மகுவாவின் நிலையும் பின்னர் மாறத் தொடங்கியது. பட்டியல் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து அமைப்பை விரிவாக்கிய 1996ஆம் ஆண்டின் சட்டம், மதுவைத் தடைசெய்யவோ ஒழுங்குபடுத்தவோ கிராம சபைக்கு அதிகாரம் அளிக்க வகைசெய்தது. மத்தியப் பிரதேச அரசு 2021இல் மகுவா மதுவை மரபு மதுவாக விற்கும் திட்டத்தை அறிவித்தது.

5. பெயர்ப்பில் நேரும் மயக்கம்

‘நாடு’ என்னும் அடை மொழிக்கு மொழி வேறுபடுகிறது. இந்தியில் ‘தேசி’ என்பது பெரும்பாலும் அரசு உரிமம் பெற்ற கடையில் விற்கும் மலிவு மது. தெலுங்கில் ‘நாட்டு சாரா’ என்பது உரிமமின்றி வடித்தது. இரண்டையும் ‘நாட்டுச் சாராயம்’ எனத் தமிழில் ஒன்றாக்கினால் கதையில் வரும் குடிகாரன் சட்டத்தை மீறினானா என்பதே தெளிவுறாது. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் பெண்கள் எதிர்த்தது அரசு ஏலம்விட்ட கடைகளின் சாராயத்தை. அதன் விளைவாக 1993 அக்டோபர் முதல் நாள் ஆந்திரத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. இவ்வரலாற்றில் ‘சாரா’ என்பதைக் ‘கள்ளச்சாராயம்’ எனப் பெயர்த்தால், அரசின் வருவாய்க்கு எதிரான போராட்டம் திருட்டுக்கு எதிரான போராட்டமாகத் திரிந்துவிடும்.

‘கள்ளச்சாராயம்’ என்னும் சொல்லில் மற்றொரு மயக்கமும் உண்டு. தீர்வை செலுத்தாமல் வடித்த மதுவையும், மெத்தனால் கலந்த நஞ்சினையும் அது ஒருங்கே குறிக்கிறது. 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோரும், 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். அவர்களைக் கொன்றது பூவையோ வெல்லத்தையோ ஊறவைத்து வடித்த சாராயமன்று. ஆலைகளில் வேதிப்பொருளாகப் பயன்படும் மெத்தனால். அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைத்து உயிரைப் பறிக்கிறது. இவ்விரண்டிற்கும் ஒரே பெயர் வழங்கும்போது, பாட்டி வடித்த மகுவாவின் மேல் நஞ்சின் பழி விழுகிறது. நஞ்சு விற்றவன் குற்றமோ தீர்வை ஏய்ப்பின் அளவிற்குச் சுருங்குகிறது. இரு வகையிலும் சொல் அநீதி செய்கிறது.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படும். மகுவா, பென்னி, ஹண்டியா போன்ற வட்டாரப் பெயர் தாங்கிய மதுவகைகளை ஒலிபெயர்த்து வழங்குதலே சிறப்பு. மரத்தைக் குறிக்குமிடத்து ‘இலுப்பை’ என்று ஒருமுறை உணர்த்துதல் போதும். புளிக்கவைத்த மதுவிற்குச் ‘சாராயம்’ என்னும் சொல்லைத் தவிர்த்தல் வேண்டும். உரிமம் பெற்றது, உரிமம் பெறாதது, நஞ்சு கலந்தது ஆகிய மூன்றினையும் பிரித்துணர்த்த முறையே நாட்டுச் சாராயம், கள்ளச்சாராயம், விஷச்சாராயம் என்னும் வழக்குச் சொற்களே தமிழில் உள்ளன. அவற்றை ஒன்றற்கொன்று மாற்றி ஆளாதிருத்தலே தேவை.

எல்லாவற்றினும் முதன்மையானது, சொல்லைச் சொல்பவர் யார் என்பதனை நோக்குதல். காவலர் எழுதும் அறிக்கையில் ‘கள்ளச்சாராயம்’ பொருந்தும். விருந்தினர்க்குத் தொன்னையில் ஊற்றித் தரும் முதியவள் தன் வாயால் அதனை அவ்வாறு சொல்லாள். அவள் உரையாடலில் அச்சொல்லை இடும் மொழிபெயர்ப்பாளர், 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தாம் அறியாமலே அவள் வாயில் வைத்தவர் ஆவார்.