வீட்டைக் காலி செய்யாமல்

வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் முதலில் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீடு பார்ப்பார்கள். பாத்திரம் பண்டம், பீரோ, கட்டில் எல்லாம் அங்கே போகும். புது வீடு எழும்பியதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். வழியில் சிலது காணாமலும் போகும். 1990களின் தொடக்கத்தில் கணினியின் இயங்குதளத்தை மாற்றுவதும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. முக்கியமான கோப்புகளை ஃபிளாப்பிகளில் எடுத்து வைத்து, வட்டை அழித்து, புதியதை நிறுவி, நமக்கென்று செய்து வைத்திருந்த அமைப்புகளையெல்லாம் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இன்றைக்கு டெபியன் லினக்ஸ் வைத்திருப்பவர் குடியிருந்தபடியே அஸ்திவாரம்வரை மாற்றிக்கொள்கிறார். இந்த வசதி எப்படி வந்தது என்று தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது ஒரு வாக்குறுதியின் கதை.

1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக், டெபியன் என்ற புதிய லினக்ஸ் தொகுப்பை அறிவித்தார். அப்போது பரவலாக இருந்த எஸ்எல்எஸ் தொகுப்பின் பிழைகள் அவருக்குச் சலித்துப் போயிருந்தன. தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்துத்தான் 'டெபியன்'. ஒரே ஆள் இத்தனையையும் கட்டிக்காக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனிப் பொதியாகக் கட்டி, ஒரு பொதிக்கு ஒரு பொறுப்பாளர் என்று பிரித்துவிட்டால், ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத பலர் சேர்ந்து ஒரே வீட்டைக் கட்டலாம். அந்தப் பொதிகளை நிறுவவும் நீக்கவும் மாற்றவும் பிறந்ததுதான் டிபிகேஜி. முதலில் ஷெல் ஸ்கிரிப்ட், அப்புறம் பெர்ல். 1994-ல் இயன் ஜாக்சன் அதன் பெரும்பகுதியை சி மொழியில் திருப்பி எழுதினார்.

டிபிகேஜியிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. நீங்கள் கைவைத்த அமைப்புக் கோப்பை அது கேட்காமல் தொடாது. பொதியோடு வந்த மூலக் கோப்பின் கைரேகையைக் குறித்து வைத்திருப்பதால், நீங்கள் மாற்றியிருப்பது அதற்குத் தெரியும். புதுப் பொதியிலும் அதே கோப்பு மாறி வந்திருந்தால் நின்று கேட்கும்: புதியதைப் போடட்டுமா, உங்களுடையதையே விடட்டுமா, வித்தியாசத்தைக் காட்டட்டுமா? ஒண்ணும் சொல்லாமல் என்டரைத் தட்டினால் உங்களுடையதுதான் இருக்கும். குடியிருப்பவர் அடித்த ஆணியைக்கூடப் பிடுங்காத வீட்டுக்காரர் மாதிரி.

இந்த வாக்குறுதிக்குப் பெரிய சோதனை 1998-ல் வந்தது. லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் சி நூலகம் என்ற ஒன்றின் மேல்தான் நிற்கின்றன. அந்த ஆண்டு ஜூலையில் வெளியான டெபியன் 2.0, லிப்சி5-லிருந்து லிப்சி6-க்கு மாறியது. இரண்டும் ஒரே கணினியில் அருகருகே இருக்கலாம். ஒரே நிரலுக்குள் கலந்தால்தான் வம்பு. பொதிகளை வரிசை தப்பி மாற்றினால் கட்டளை தட்டுகிற ஷெல்லே எழுந்து வராமல் போகலாம். சரிசெய்யக் கட்டளை கொடுக்க வேண்டும், கட்டளை கொடுக்க ஷெல் வேண்டும். அதனால் எதற்குப் பின் எதை மாற்ற வேண்டும் என்று வழிகாட்டிகள் எழுதினார்கள். அந்த வரிசையைத் தானே பார்த்துச் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் உருவாக்கினார்கள். 1996-ல் வந்த 1.1 பதிப்பில் 474 பொதிகள்தான். இந்த 2.0-ல் 1,500-க்கு மேல். மனிதர்கள் காகிதத்தில் வரிசை போட்டுத் தீருகிற காரியமாக அது இனி இல்லை.

வரிசை போடும் வேலையைக் கணினியிடமே கொடுத்தது ஆப்ட். 1999 மார்ச்சில், டெபியன் 2.1-உடன் வந்தது. எந்தப் பொதிக்கு எது தேவை, எதோடு எது ஒத்துப்போகாது என்பதைக் கணக்கிட்டு, இணையத்திலிருந்து இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் நீட்டும். இதிலும் இரண்டு விதம் வைத்தார்கள். ஆப்ட்-கெட் அப்கிரேட் என்றால் ஏற்கெனவே இருக்கிற எதையும் நீக்காது. டிஸ்ட்-அப்கிரேட் என்றால் தேவைப்பட்டால் நீக்கும். ஆனால் எதை நீக்கப் போகிறேன் என்று பட்டியல் போட்டுக் கேட்டுவிட்டுத்தான்.

என்னிடமுள்ள பழைய மடிக்கணினியில் 2019-ல் வந்த பஸ்டர் இருந்தது. அதை 2023-ன் புக்வார்முக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் 2021-ன் புல்ஸ்ஐ இருக்கிறது. தாண்டிக் குதிக்கக் கூடாது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் பாதையைத்தான் அவர்கள் சோதித்துத் தருகிறார்கள். ஒவ்வொரு படியிலும் முகவரிப் பட்டியலில் சின்னத் திருத்தம். புல்ஸ்ஐக்குப் போகையில் பாதுகாப்புப் பொதிகளின் முகவரி எழுதும் முறை மாறியிருந்தது. புக்வார்மில் ஃபர்ம்வேருக்குத் தனிப் பிரிவு பிரித்திருந்தார்கள். மற்றபடி ஓடிக்கொண்டிருக்கிற கணினியில் பாடல்கூட நிற்காமல் சி நூலகம் மாறியது. மந்திரம் ஒன்றும் இல்லை. டிபிகேஜி புதிய கோப்பைப் பக்கத்தில் வேறு பெயரில் எழுதி முடித்து, கடைசியில் பெயரை மட்டும் ஒரே நொடியில் மாற்றுகிறது. பழையதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதை மூடும்வரை பழையதும் வட்டில் உயிரோடு இருக்கும்.

2000 ஆகஸ்டில் வந்த டெபியன் 2.2 ஜோயல் க்ளெக்கருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. லிப்சி6 பொதியைப் பராமரித்தவர்களில் அவரும் ஒருவர். பதிப்பு வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பு, 21 வயதில் இறந்தார். டுஷென் தசைச் சிதைவு நோயோடு பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே அவர் வேலை செய்தார் என்பது கூட இருந்தவர்களில் பலருக்கு அவர் போன பிறகுதான் தெரிந்தது. லட்சக்கணக்கானவர்களின் அஸ்திவாரக் கல்லை முகம் தெரியாத ஒரு பையன் படுக்கையிலிருந்து சரிபார்த்துக்கொண்டிருந்தான். மர்டாக்கும் 2015 டிசம்பரில் போய்விட்டார். பொதிகள் கைமாறின, வாக்குறுதி மாறவில்லை.

2025 ஆகஸ்டில் வந்த டிரிக்ஸியில் அதே சோதனை இன்னொரு உருவில் திரும்பியது. 1970-லிருந்து நொடிகளை எண்ணும் 32 பிட் கடிகாரம் 2038 ஜனவரி 19-ல் நிரம்பிவிடும். அதற்காக 32 பிட் ஆர்ம் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண்ணையே 64 பிட்டாகப் பெரிதாக்கினார்கள். நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளின் பெயருக்குப் பின்னால் டி64 என்ற வால் முளைத்தது. எங்கோ ஒரு மேசையடியில் தூசி படிந்து ஓடும் சின்னக் கணினிக்கு, பதின்மூன்று வருடம் கழித்து வரப்போகும் ஒரு நாளுக்காகச் செய்த வேலை இது. அந்தக் கணினியின் சொந்தக்காரர் பார்க்கப் போவது ஒரு நீளமான பட்டியலும், அதன் கீழே "தொடரட்டுமா?" என்ற கேள்வியும் மட்டும்தான். நான் அந்தப் பட்டியலை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.