ஸ்டியரிங்கைப் பிடித்தது யார்?

திரைக்குள் ஓடும் கார்கள் – 11

போன வாரம் லாஸ் வேகாஸில், வெனீஷியன் ஹோட்டலில் நிறுத்தியிருந்தோம். 2017 ஜனவரி 7. ஃபார்முலா ஈ மின்கார் பந்தயத்தின் ஓட்டுநர்கள் 20 பேர். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஓட்டியே தேறிய சிம் ரேஸர்கள் 10 பேர். மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர், முதல் பரிசு மட்டும் 2 லட்சம். மஹிந்திரா அணிக்காக இறங்கிய ஃபின்லாந்துக்காரர் ஒல்லி பஹ்கலா முதலில் கோட்டைத் தாண்டினார். பணம் அவருக்குத்தானா?

அவருக்கு இல்லை. ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் கூடுதல் சக்திக்கு ஃபேன்பூஸ்ட் என்று பெயர். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கிடைக்க வேண்டிய அந்தச் சக்தி, மென்பொருள் கோளாறால் பஹ்கலாவுக்குத் தீராமல் கிடைத்துக்கொண்டே இருந்தது. நடுவர்கள் 12 விநாடி தண்டனை போட்டார்கள். முதல் பரிசு நெதர்லாந்து சிம் ரேஸர் போனோ ஹாயிஸுக்குப் போனது. இரண்டாமிடம் நிஜ ஓட்டுநரான ஃபெலிக்ஸ் ரோஸன்க்விஸ்ட். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், சற்றுக் கழித்து ஹாங்காங்கில் எதிர்ப்படுவார். பஹ்கலா மூன்றாவது.

அன்று தப்பு செய்தது மென்பொருள். காட்டிக்கொடுத்ததும் அதுவேதான். எந்தக் கார் எந்த நொடியில் எவ்வளவு சக்தி எடுத்தது என்று சர்வரில் பதிவாகியிருக்கும், எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் ஓட்டுகிற ஆளே வேறு ஆள் என்றால் எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது? இந்தக் கேள்வி எழ மூன்று வருடம் ஆனது. அதற்கு ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது.

* * *

2020 பிப்ரவரி 29 அன்று மொராக்கோவின் மராகேஷில் ஃபார்முலா ஈ கார்கள் ஓடின. அதற்குப் பிறகு உலகமே பூட்டிக்கொண்டது. பந்தயம் இல்லை என்றால் டிவிக்காரர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை, ஸ்பான்சர்களுக்குப் பெயர் போட இடமில்லை. அதுவரை பையன்கள் விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டிருந்த சிம் ரேஸிங்கை எல்லோரும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். மார்ச் 22 அன்றே அமெரிக்காவில் நாஸ்கார் ஓட்டுநர்கள் வீட்டிலிருந்து ஓட்டிய பந்தயம் ஃபாக்ஸின் விளையாட்டுச் சேனலில் நேரலையாக வந்தது.

விளையாட்டுதானே என்று நினைத்தவர்கள் முதலில் சூடு பட்டதும் அங்கேதான். ஏப்ரல் 5. பிரிஸ்டல் மெய்நிகர் பந்தயத்தில் மோதல் ஏற்பட்ட கோபத்தில் பப்பா வாலஸ் பாதியில் வெளியேறினார். அவருடைய ஸ்பான்சரான வலி நிவாரணக் களிம்பு நிறுவனம் அவரைக் கைகழுவியது. ஒரு வாரம் கழித்து கைல் லார்சன், எல்லோருக்கும் கேட்கிற சேனல் என்று உறைக்காமல் மைக்கில் ஓர் இனவெறிச் சொல்லை உதிர்த்தார். இரண்டே நாளில் அணி அவரை வேலையை விட்டு நீக்கியது. ஓடியது பொய்க் கார், போனது நிஜ வேலை.

ஃபார்முலா ஈ இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. யுனிசெஃப் நிதி திரட்டலுக்காக ‘ரேஸ் அட் ஹோம் சேலஞ்ச்’ என்று ஒரு தொடரை ஏப்ரலில் தொடங்கியது. மென்பொருள் ஆர்ஃபேக்டர் 2. நிஜ ஓட்டுநர்களுக்குத் தனிப் பந்தயம், சிம் ரேஸர்களுக்குத் தனிப் பந்தயம். வேகாஸில் ஒன்றாகக் கலந்தவர்களை இந்த முறை பிரித்துவைத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் வருகிறவர் வெளியே, பத்துப் பேர் மிஞ்சும்வரை. நல்ல நோக்கம், நல்ல ஏற்பாடு. கெடுதல் எங்கிருந்து வரப்போகிறது?

* * *

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் நிஜக் காரை ஓட்டுகிறவர் பொம்மைக் காரை ஓட்டத் திணறுவாரா?

திணறுவார், அதுவும் நன்றாகவே. நிஜக் கார் ஓட்டுநர் காரை இடுப்பால் படிக்கிறவர். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும்போது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இருக்கையில் அது தெரிந்துவிடும். கை தானாகத் திருப்பிச் சமாளிக்கும். பிரேக்கை மிதித்தால் உடல் முன்னே பாய்ந்து பெல்ட்டில் அழுந்தும். எவ்வளவு மிதித்தோம் என்பதற்கு அந்த அழுத்தமே அளவுகோல். வீட்டு இருக்கையில் இதெல்லாம் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மோட்டார் முன்சக்கரத்தின் இழுப்பைக் கைக்குச் சொல்லும். டயர் கிறீச்சிடுவது ஹெட்போனில் கேட்கும். மீதியைத் திரையைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். நல்ல சிம் பெடல் எவ்வளவு தூரம் அழுந்துகிறது என்று பார்க்காது, எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்றே அளக்கும். பல்லாயிரம் முறை மிதித்துப் பழகிய சிம் ரேஸரின் காலுக்கு அந்தப் பலம் மனப்பாடம். நிஜ ஓட்டுநருக்கோ உடல் சொல்லும் செய்தி வராததால் கை எப்போதும் ஒரு நொடி தாமதம். அந்த ஒரு நொடியில் கார் சுவரில் இருக்கும்.

ஒரே வாரத்தில் இதைப் பழகிவிட முடியாது. அதனால் முந்தைய பந்தயங்களில் பின்தங்கிய ஒருவர் திடீரென்று முன்வரிசைக்கு வந்தால், கூட ஓட்டுகிறவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள்.

* * *

டேனியல் ஆப்ட். ஜெர்மனியின் கெம்ப்டன் நகரத்துக்காரர், 1992 டிசம்பர் 3 அன்று பிறந்தவர். குடும்பமே பட்டறையில் வளர்ந்தது. அப்பா ஹான்ஸ்-யூர்கன் ஆப்ட் நடத்தும் ஆப்ட் நிறுவனம், டூரிங் கார் பந்தயங்களில் ஆடி கார்களை ஓடவிட்டுப் பெயர் வாங்கியது. 2014இல் ஃபார்முலா ஈ தொடங்கிய நாள் முதல் மகன் அந்தக் குடும்ப அணியின் காரில்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆடி நிறுவனமே அணியைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. பெயரில் மட்டும் ‘ஆப்ட்’ ஒட்டிக்கொண்டிருந்தது.

விதி அவரோடு ஒருமுறை விளையாடியிருந்தது. 2017 டிசம்பர் 3, ஹாங்காங். அவருடைய 25ஆவது பிறந்தநாள். ஃபார்முலா ஈயில் முதல் வெற்றி. மேடை, கோப்பை, ஷாம்பெயின் எல்லாம் முடிந்தது. பிறகு அதிகாரிகள் காரைச் சோதித்தார்கள். மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களின் எண்கள் காரின் தொழில்நுட்பப் பதிவேட்டோடு பொருந்தவில்லை. வெற்றி பறிபோனது. போனது யாருக்கு? மஹிந்திராவின் ரோஸன்க்விஸ்ட்டுக்கு! வேகாஸில் பார்த்தோமே, அதே ஆள்.

ஆப்ட் அடங்கிப்போகவில்லை. அடுத்த ஆண்டு மெக்ஸிகோவில் வென்றார். 2018 மே 19 அன்று பெர்லின் டெம்பல்ஹோஃபில் சொந்த மக்கள் முன்னால் முதலிடத்திலிருந்து புறப்பட்டு, வேகமான சுற்றையும் போட்டு ஜெயித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் முற்றுகையின்போது பெர்லினுக்குச் சோறு இறக்கிய விமான நிலையம் அது. 2008இல் மூடிவிட்டார்கள். விமானங்கள் நின்ற கரடுமுரடான கான்கிரீட் தளத்தில் இப்போது பந்தயக் கார்கள் டயரைத் தேய்க்கின்றன. ஆப்டின் வாழ்க்கையில் மிக நல்ல நாள் அங்கேதான் அமைந்தது.

மிக மோசமான நாளும் அதே டெம்பல்ஹோஃபில்தான் காத்திருந்தது. இந்த முறை அங்கே அவர் போகவே தேவைப்படவில்லை.

* * *

2020 மே 23, சனிக்கிழமை. மெய்நிகர் டெம்பல்ஹோஃப். தகுதிச் சுற்றில் ‘ஆப்ட்’ என்ற பெயர் இரண்டாமிடத்தில் மின்னியது. பந்தயத்திலும் அந்தக் கார் முன்னணியைவிட்டு விலகவில்லை. நிஸான் அணியின் ஆலிவர் ரோலண்ட் வென்றார், மெர்சிடிஸின் ஸ்டோஃபல் வாண்டோர்ன் இரண்டாவது, ஆப்ட் மூன்றாவது.

ஒவ்வொரு ஓட்டுநரும் தன் முகம் தெரிய வீடியோவில் இருக்க வேண்டும். ஆப்டின் சதுரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. முகம் தெரியவில்லை. முன்னால் ஏதோ கருவி மறைத்துக்கொண்டிருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று விட்டுவிடக்கூடிய விஷயம்தான், ஓட்டம் அப்படி இல்லாமல் இருந்திருந்தால்.

வாண்டோர்னுக்கு சிம் ஓட்டம் நன்றாகவே தெரியும், பிறகு அந்தத் தொடரின் சாம்பியனே அவர்தான். தன் நேரலையிலேயே அவர் வாயைத் திறந்துவிட்டார்: அது டேனியல் மாதிரித் தெரியவில்லையே. இருமுறை ஃபார்முலா ஈ சாம்பியனான ஜான்-எரிக் வெர்னுக்கும் அதே சந்தேகம். அடுத்த தடவை முகத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்ற பேச்சு, பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள் காதில் விழுந்தது. சக ஓட்டுநர்கள் கிண்டலாகச் சொன்னதை அமைப்பாளர்கள் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் நிரூபிப்பது எப்படி? இணையப் பந்தயத்தில் ஒவ்வொருவர் வீட்டுக் கம்ப்யூட்டரும் தன் காரின் நிலையைக் கணக்கிட்டு சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வருக்குத் தெரிவது ஒரு பெயர், ஒரு கார், வந்து விழும் எண்கள். பெடல்மேல் இருப்பது யாருடைய கால் என்று அதற்குத் தெரியாது. ஆனால் அந்த எண்கள் எந்த முகவரியிலிருந்து வருகின்றன என்று தெரியும். அமைப்பாளர்கள் போட்டியாளர்களின் ஐ.பி. முகவரிகளை எடுத்து ஒப்பிட்டார்கள்.

ஆப்டின் காரை ஓட்டியவர் லோரென்ஸ் ஹோர்ஸிங், 18 வயது ஆஸ்திரியர். அதே தொடரில் சிம் ரேஸர்களுக்கான தனிப் பந்தயத்தில் தன் சொந்தப் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்! அந்தப் பையனின் முகவரி அமைப்பாளர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. ஊர் பேர் தெரியாத ஒருவரை உட்காரவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு வந்தது. ஆப்ட் தகுதி நீக்கம், 10,000 யூரோ ஏதாவது ஓர் அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். ஹோர்ஸிங்கும் தொடரிலிருந்து வெளியே. ஆப்ட் மன்னிப்புக் கேட்டார். அறக்கொடைக்காக நடந்த பந்தயம், அறக்கொடையாகவே தண்டனை. கணக்கு நேராகிவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

கெம்ப்டனிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது இங்கோல்ஸ்டாட், ஆடியின் தலைமையகம். அங்கே அப்படி நினைக்கவில்லை.

* * *

மே 26, செவ்வாய்க்கிழமை. நேர்மையும் விதிகளை மதிப்பதும் தங்களுக்கு எல்லாவற்றுக்கும் மேல் என்று சொல்லி, ஆடி ஆப்டை உடனடியாக இடைநீக்கம் செய்தது. டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றிய விவகாரத்தில் சில வருடம் முன்புதான் ஆடி வகையாக மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காயம் இருக்கிற வீட்டில் ‘ஏமாற்று’ என்ற சொல்லுக்கு என்ன எடை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இது என் ஊகம்தான், ஆடியின் அறிக்கையில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

அன்றே ஆப்ட் யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். ஒரு சிம் ரேஸரை என் பெயரில் இறக்கி, நிஜ ஓட்டுநர்களை அவர் எப்படித் திணறடிக்கிறார் என்று படம்பிடித்து, பிறகு நானே உடைத்துச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பதாக இருந்தேன் என்றார். ஜெயித்துக் கோப்பையை வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை என்றார். நம்பலாமா? எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது. ஐந்து வருடத்துக்கு மேல் ஓட்டிய ஒருவருக்கு, பொய்ப் பந்தயத்தின் மூன்றாமிடத்தால் என்ன லாபம்? ஆனால் குறும்பு என்றால் பந்தயம் முடிந்த மறுநிமிடமே உடைத்திருக்க வேண்டாமா? வாண்டோர்ன் முந்திக்கொண்டார். அந்தச் சில மணி நேரத்தில் குறும்பு குற்றமாகிவிட்டது. தண்டனை அதிகம் என்று சக ஓட்டுநர்களே கொதித்தார்கள். ஆடி அசையவில்லை. தன் வேலை போய்விட்டதையும் அந்த வீடியோவிலேயே ஆப்ட் சொன்னார்.

இருக்கை காலி. ஆகஸ்டில் நிஜப் பந்தயம் மறுபடி தொடங்குகிறது என்ற அறிவிப்பும் வந்தது. ஒன்பதே நாளில் ஆறு பந்தயங்கள், எல்லாம் ஒரே இடத்தில், டெம்பல்ஹோஃபில்! காலி இருக்கைக்கு ஆடி தேர்ந்தெடுத்தவர் ரெனே ராஸ்ட். டி.டி.எம். டூரிங் கார் தொடரில் 2017, 2019 என்று அதற்குள் இருமுறை பட்டம் வென்றிருந்தவர். ஆனால் ஃபார்முலா ஈயில் அதுவரை ஒரே ஒரு பந்தயம் ஓட்டியவர். கூரை உள்ள கனமான காரில் முட்டி மோதிப் பழகிய ஆள், திறந்த மின்காரில் என்ன செய்வார்?

அதே நேரத்தில் இன்னோர் அணியில் ஓர் ஓட்டுநரால் சீனாவிலிருந்து பயணம் செய்ய முடியாமல் போனது. என்.ஐ.ஓ. 333 என்று அந்த அணிக்குப் பெயர். அந்த சீசனில் அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காத கார். அவர்கள் ஒரு ஆளைத் தேடினார்கள். தொலைபேசி போனது டேனியல் ஆப்டுக்கு.

ஆகஸ்ட் 5. டெம்பல்ஹோஃப் கான்கிரீட் தளம். பக்கவாட்டில் ‘ஆப்ட்’ என்று பெயர் எழுதிய காருக்குள் ராஸ்ட் இறங்குகிறார். தன் குடும்பப் பெயர் தாங்கிய காரைப் பின்வரிசையிலிருந்து பார்த்தபடி, வேறொருவர் காரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார் ஆப்ட். சிவப்பு விளக்குகள் எரிகின்றன…

(அடுத்த வாரம்: விளக்கு அணைந்த பிறகு)