மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் நனைந்த பிளக்குகளும்: பொருளாதாரத் தடைக்கால யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணக் குடாநாடு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்பே கொண்ட சமதரை. நகரிலிருந்து காங்கேசன்துறை 20 கிலோமீற்றருக்குள்ளும் பருத்தித்துறை 35 கிலோமீற்றருக்குள்ளும் அடங்கிவிடுவதால், அங்கு ஒரு வாகனம் உள்ளூரில் ஓடும் ஓட்டமெல்லாம் குறும்பயணமாகவே அமையும். ஆனையிறவைத் தாண்டி வவுனியாவுக்கும் கொழும்புக்கும் செல்லும் நெடுந்தெரு திறந்திருந்தவரை இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டு, அத்தெரு அடைபட்டு, பெற்றோலும் டீசலும் பற்றறிகளும் வடக்கே செல்வது தடுக்கப்பட்டபோது, குடாநாட்டின் கார்கள் இரண்டு வகையில் சிறைப்பட்டன: நீண்ட தூரம் ஓட வழியில்லை, ஓடுவதற்கு உரிய எரிபொருளும் இல்லை. குறுகிய ஓட்டமும் பொருந்தாத எரிபொருளும் ஓர் எஞ்சினில் ஒன்றாய்ச் சேர்ந்தால் விளைவது என்ன என்பதைக் குடாநாட்டு மெக்கானிக்குகள் அடுத்த சில ஆண்டுகளில் கற்றனர்.

அதை விளங்கிக்கொள்ள எஞ்சினின் இயல்பு சிறிது தெரிந்திருக்க வேண்டும். பெற்றோல் திரவமாக இருக்கும்வரை சிலிண்டருக்குள் ஒழுங்காக எரியாது. ஆவியாகி, தன் எடையைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு காற்றோடு கலந்த பின்னரே பொறி பட்டுப் பற்றும். இக்கலவையை ஆக்கித் தரும் உறுப்பு காபுரேற்றர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, தெளிக்கப்படும் எரிபொருளில் ஒரு பகுதி ஆவியாகாமல் உட்குழாயின் சுவரிலேயே ஈரமாகப் படிந்துவிடுவதால், அந்த இழப்பை ஈடுசெய்ய மிகையான எரிபொருள் கொடுக்கப்படுகிறது. சோக் என்று அழைக்கப்படும் இழுபிடி இதற்காகவே உள்ளது. மொறிஸ் மைனர் போன்ற கார்களில் அதை இழுத்தால் ஜெற் எனப்படும் நுண்குழாய் கீழிறங்கி எரிபொருளின் வழி அகலும். எஞ்சின் முழுச் சூடடைவதற்கு முன்னரே நிறுத்தப்பட்டால் இந்த மிகை எரிபொருள் எரிந்து தீராமல் உள்ளே தங்கிவிடுகிறது. தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துத் துப்புரவாக்கிக்கொள்ள பிளக்கின் முனை 450 பாகை செல்சியஸ் அளவு சூடேற வேண்டும். ஓரிரு கிலோமீற்றர் ஓட்டத்தில் அது அந்தச் சூட்டை எட்டாது. கரியும் எண்ணெயும் படிந்த பிளக்கில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாயாமல், ஈரத்தின் வழியே கசிந்து போய்விடும். போதாக்குறைக்கு, சிலிண்டர்ச் சுவரிலுள்ள மசகெண்ணெயை எரிபொருள் கழுவிச் செல்வதால் அமுக்கமும் குறையும். இந்நிலையில் ஓட்டுநர் திரும்பத் திரும்ப முயலும்போது ஒவ்வொரு முயற்சியும் இன்னும் கொஞ்சம் எரிபொருளை உள்ளே இழுத்து, குறையைத் தீர்ப்பதற்குப் பதிலாகப் பெருக்கும்.

பனிக்காலக் காலைகளைக் கொண்ட பிரித்தானியாவில் இது அன்றாடத் தொல்லையாயிருந்தது. யாழ்ப்பாணத்தின் வெக்கையில் பெற்றோல் எளிதில் ஆவியாவதால் அங்கு இது அவ்வளவாக எழ நியாயமில்லை. ஆயினும் பிரித்தானியாவில் செய்யப்பட்ட அதே கார்களே குடாநாட்டு வீதிகளை நிறைத்திருந்தன. ஒஸ்ரின் ஏ40 வரிசையின் டெவன், சோமசெற், பின்னர் வந்த ஏ55 கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்பன 1940களின் பிற்பகுதி தொடக்கம் இலங்கைக்கு வந்தவை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டதும், இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழக்கமாயிற்று. இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து 1957இல் புகுந்து தமிழ்ப்பகுதிகளில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியதற்கு முன்னரே பதியப்பட்டு, ஆங்கில எழுத்துகளைத் தாங்கிய கார்கள் பல தசாப்தங்கள் கடந்தும் வாடகைக்கு ஓடின என்பதிலிருந்து அவற்றின் ஆயுளை ஊகிக்கலாம். இந்த ஆயுள் உற்பத்தியாளரின் திறமையால் மட்டும் வந்ததன்று. உதிரிப்பாகம் கிடைக்காதபோது கடைச்சல் பட்டறையில் அதைக் கடைந்தெடுத்த கைகளுக்கும் அதில் பங்குண்டு.

பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது யாழ்ப்பாணத்தார் கண்டுபிடித்த வித்தை என்று கூறுவது மிகையாகும். 1917இல் உற்பத்தி தொடங்கிய போர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடும்படியே அமைக்கப்பட்டிருந்தது. குடாநாட்டிலும், துலாவும் பட்டையும் கொண்டு கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த தோட்டக்காரர், மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரங்களுக்கு மாறிப் பல ஆண்டுகள் கடந்திருந்தன. முதலில் கொஞ்சம் பெற்றோல், பின்பு மண்ணெண்ணெய் என்ற ஒழுங்கு கிணற்றடியில் பழகிப்போன ஒன்றே. அந்த இயந்திரம் ஓரிடத்தில் நின்று மணிக்கணக்காக ஒரே சீராக ஓடுவது. ஆகவே ஒருமுறை சூடேறினால் இறைப்பு முடியும்வரை சிக்கலில்லை. அதே ஒழுங்கைச் சந்திக்குச் சந்தி நின்று போகும் காருக்கு மாற்றியபோதுதான் சிக்கல் தலைதூக்கிற்று.

பெற்றோல் ஏறக்குறைய 40 பாகையிலிருந்தே கொதிக்கத் தொடங்குவது; மண்ணெண்ணெயோ 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கி 300 பாகையை நெருங்கும்வரை சிறிது சிறிதாக ஆவியாவது. அதனால் யாழ்ப்பாணத்தின் 30 பாகை வெயிலும்கூட மண்ணெண்ணெய்க்குக் குளிர்காலமே. எஞ்சின் முதலில் பெற்றோலில் விழித்தாக வேண்டும். அந்தப் பெற்றோலோ போத்தல் கணக்கில், பொன்போல, கிடைத்தால் உண்டு என்ற நிலை. எனவே தாங்கியில் மண்ணெண்ணெயும், ஒரு சிறு போத்தலில் சில துளி பெற்றோலுமாக வண்டியோட்டும் முறை பரவியது. பெற்றோலைக் காபுரேற்றரின் காற்று வாயில் சொட்டாக விட்டு எஞ்சினை முடுக்கி, அது அணைந்துபோகுமுன் மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ளும்படி விசையழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கார்களோடு ஹொண்டா எம்.டி. 90 போன்ற மோட்டார் சைக்கிள்களும் இவ்வாறே ஓடின. பழைய ஒஸ்ரின்கள் இதற்கு இணங்கியதற்கும் காரணம் உண்டு. மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தில் உரிய நேரத்துக்கு முன்னரே தானாகப் பற்றி, சிலிண்டருக்குள் சுத்தியலால் அடிப்பதுபோன்ற ஒலியை எழுப்பும். ஏ40 டெவனின் அமுக்க விகிதம் 7.2 மட்டுமே என்பதால் அந்த அடியை அது ஓரளவு தாங்கிற்று. அதனிலும் கூடிய அமுக்கமுள்ள புதிய எஞ்சின்களுக்கு அது கடினமாயிருந்தது. முதுமையே ஒரு தகுதியானது இப்படித்தான்.

குறும்பயணத்தின் தீங்கு இங்கே இரட்டித்தது. உழவு இயந்திரத்தை நிறுத்தும்போது, கடைசிச் சில நிமிடங்கள் பெற்றோலுக்கு மாறி ஓட்டி, காபுரேற்றரின் மிதவைக் கிண்ணத்தில் அடுத்த தொடக்கத்துக்கான பெற்றோலை விட்டுவைப்பதே முறை. துளிக்கணக்கில் பெற்றோல் வைத்திருந்தவருக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே கார் நிற்கும் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்திலும் உட்குழாயிலும் மண்ணெண்ணெயே எஞ்சியது. நல்லூரிலிருந்து ஆஸ்பத்திரிவரை ஓடி, எஞ்சின் அரைகுறையாகச் சூடேறிய நிலையில் நிறுத்தப்பட்ட கார், ஐந்து நிமிடத்தில் எடுத்தால் புறப்படும். அரை மணி நேரம் கழிந்தால், ஆவியாயிருந்தது மீண்டும் திரவமாகிப் பிளக்குகளை நனைத்துவிட்டிருக்கும். பெற்றோலில் நனைந்த பிளக் சற்றுப் பொறுத்தால் தானே உலரும். மண்ணெண்ணெயில் நனைந்தது எளிதில் உலராது. கழற்றித் துடைத்து, உரசித் தீயில் காட்டி, திரும்பப் பூட்டினால்தான் பொறி வரும்.

அதன் பின்னரும் எஞ்சினைச் சுழற்றியாக வேண்டும். பற்றறி தடைசெய்யப்பட்ட பண்டம். இருந்ததைத் தேய்த்துத் தீர்த்தால் மாற்றுக் கிடையாது. மலைநாட்டில் வண்டியைச் சரிவில் நிறுத்தி உருட்டி முடுக்கலாம். சுண்ணக்கல்லின்மேல் தட்டையாகக் கிடக்கும் குடாநாட்டில் அந்த வசதியுமில்லை. முன்புறம் செருகிச் சுற்றும் இரும்புக் கைபிடியும், பின்னாலிருந்து தள்ளும் அயலவர் கைகளுமே துணை. கண்ணுக்குத் தெரியாத கேடு வேறொன்றும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயோடு கலந்தது. ஓட ஓட எண்ணெய் குறைய வேண்டியிருக்க, அளவுகோலில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெய் கூடியிருக்கிறதே என்று மகிழ்ந்திருந்தவரின் எஞ்சினில் நீர்த்துப்போன அந்த எண்ணெய் பெயறிங்குகளைத் தின்றுகொண்டிருந்தது.

இந்த வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் எழுதுவது பொருத்தமன்று. மண்ணெண்ணெயும் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வந்தது. மின்சாரமற்ற வீடுகளில் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கில் பிள்ளைகள் படித்த காலத்தில், கார் குடித்த ஒவ்வொரு போத்தலும் எங்கோ ஒரு விளக்குக்கு உரியதாகவே இருந்தது. பெரும்பான்மையோரின் வாகனம் சைக்கிள்தான். விறகும் நோயாளியும் மணப்பெண்ணும் அதிலேயே பயணித்தனர். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் போரினால் தென்மராட்சியை நோக்கி ஒரே இரவில் பெயர்ந்தபோது, சில கிலோமீற்றரைக் கடக்க மணிக்கணக்கு எடுத்த அந்த நெரிசல், நின்று நின்று ஊரும் எஞ்சினுக்கு எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்குச் சைக்கிளுக்கும் கால்நடைக்குமே இணக்கமானது.

2002 ஏப்பிரலில், அடைபட்டிருந்த அந்த நெடுந்தெருவான ஏ-9 வீதி திறந்தபோது பெற்றோலும் யப்பானியக் கார்களும் ஒன்றாக வந்தன. புதிய கார்களில் எரிபொருளை அளந்து தெளிப்பது கணினி. படலையிலிருந்து கொட்டிலுக்கு நகர்த்தி உடனே அணைத்தால் இவையும் அரிதாக நனைந்துபோகும், ஆனால் விசைமிதியை அடிவரை அழுத்திக்கொண்டு முடுக்கினால் பெரும்பாலானவை எரிபொருளை நிறுத்திக் காற்றை மட்டும் இழுத்துத் தம்மை உலர்த்திக்கொள்கின்றன. 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசை நின்றபோது, இத்தகைய கார்களுக்கு மண்ணெண்ணெய் மாற்றாக அமையவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது முதலில் தாக்கியது கரையோரத்தையே. ஏனெனில் சிறுபடகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. கரைக்குத் திரும்பும் கடைசி நிமிடங்களில் பெற்றோலுக்கு மாற்றி, அடுத்த நாள் முடுக்குவதற்கென அதைக் காபுரேற்றரில் விட்டுவைக்கும் பழைய ஒழுங்கு இத்தகைய எஞ்சின்களுக்கு இன்றும் உரியது.