செக்ரோலில் பேர் விழுந்தவர்கள்

ஜொகூரின் ரப்பர் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே பிரட்டுக்களத்தில் விளக்கு எரியும். கிராணி பேர் படிப்பார்; ஆள் குரல் கொடுத்தால் அன்றைய கட்டத்தில் ஒரு குறி விழும். வரிசைக்கு ஓர் ஆள், கட்டத்துக்கு ஒரு நாள்: செக்ரோல் என்ற அந்தப் பேரேட்டின் இலக்கணம் அவ்வளவுதான். மாதக் கடைசியில் குறிகளைக் கூட்டிக் கூலியால் பெருக்கி, முன்பணத்தைக் கழித்தால் சம்பளம். ரப்பர் விலை சரிந்த காலத்தையும் ஜப்பானியர் காலத்தையும் சுதந்திரத்தையும் தாண்டி இந்த ஏடு பிழைத்திருந்தது. புதுச் சட்டங்கள் வந்தபோதெல்லாம் அவற்றை உள்வாங்கிக்கொண்டது. அதன் காரணத்தை ஆராய்வது பழைய காகிதத்தின் மீதுள்ள பாசத்தால் மட்டுமல்ல. இன்று கணினியில் ஓடும் சம்பளக் கணக்குக்கும் அதே கேள்வி உண்டு. ஒரு தொழிலின் நடைமுறை, தான் எதை ‘ஒன்று’ என்று எண்ணுகிறதோ அதைப் பொறுத்தே வளையும் என்பது என் வாதம். அந்த ஒன்று பொருந்தியிருந்தால் பத்திக்கு மேல் பத்தி சேர்த்துக்கொண்டே போகலாம். பிசகியிருந்தால் எந்தத் திருத்தமும் நிலைக்காது.

இதற்கு முதல் சாட்சி தமிழர்கள் திரளாக வருமுன்பே ஜொகூரில் இருந்தது. 1844 முதல் ஜொகூரின் ஆட்சித் தலைவரான தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் சீனக் குடியேறிகளுக்கு ‘சூராட் சுங்கை’ என்ற ஆற்றுச் சீட்டுகளை வழங்கினார். ஓர் ஆற்றங்கரையில் காம்பிரும் மிளகும் பயிரிடும் உரிமை அச்சீட்டால் ஒருவருக்குக் கிடைத்தது; அவர் காங்சூ, ஆற்றுக்குத் தலைவர். அபின், சூது, சாராயம், அடகுக்கடை ஆகியவற்றின் ஏகபோகமும் அவரிடமே இருந்தது. 1873-இல் அவருக்குப் பின் ஆண்ட அபுபக்கர் காலத்தில் இதற்கென்று சட்டமே எழுதப்பட்டது. அரசு எண்ணிய ‘ஒன்று’ ஆறு. ஆற்றுக்குப் பின்னால் யார் எவ்வளவு நிலத்தில் உழைத்தார்கள் என்பது காங்சூவின் பாடு. காம்பிருக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. அது சில ஆண்டுகளில் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். இலையைக் காய்ச்சுவதற்கு விறகும் தீர்ந்துபோகும். பயிரிட்டவர்கள் காட்டுக்குள் இன்னும் மேலே நகர்வார்கள். எல்லைக்கல்லுக்கு அங்கே வேலையில்லை. ரப்பர் அப்படிப்பட்டதல்ல. நட்டுவிட்டு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிறகு இருபத்தைந்து ஆண்டுகளாவது பால் எடுக்கலாம். அவ்வளவு காலம் முதலைப் புதைத்து வைப்பவர் அளந்த நிலமும் பட்டாவும் கேட்பார். 1909-இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் ஓடத் தொடங்கியதும் ஆற்றின் மவுசு மேலும் குறைந்தது. 1917-இல் காங்சூ உரிமைகள் ஒழிக்கப்பட்டன. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்று ஊர்ப்பெயர்கள் மட்டும் எஞ்சின.

1914-இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகர் வந்து அமர்ந்தார், அதிகாரம் கைமாறியது, அதனால்தான் காங்சூ போனார் என்று சொல்லலாம். அதை மறுக்க முடியாது. ஆனால் அதிகார மாற்றம் ஒழிப்பின் நாளை விளக்குமே தவிர, அதன் பிறகு எழுந்ததன் வடிவத்தை விளக்காது. ஆட்சியாளருக்கு வேண்டியது வருமானம் மட்டுமே என்றால் காங்சூவின் இடத்தில் வேறொரு ஆற்றுத் தலைவரை வைத்திருக்கலாம். வந்தது அளவை செய்த மனையும் நிலப் பதிவேடும். எண்ணும் அலகே மாறியது.

தோட்டத்துக்குள்ளும் இதே போட்டி நடந்தது. கங்காணி தன் ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தார். கூட்டம் அவருடையது, கடன் அவர் கையில், வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு. அவர் கண்ணில் ‘ஒன்று’ என்பது தன் கூட்டம். தோட்ட அலுவலகமோ ஆள் ஆளாக எண்ணியது. அந்த வரிசையிலிருந்த மனிதருக்கு அது கருணை காட்டியது என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு வராத நாளைப் பிடிக்கத்தான் அந்த ஏடு பிறந்தது. ஆனால் 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தி, ஆள் கொண்டுவரும் கங்காணியின் வேலை முடிந்தபோது சம்பளக் கணக்கு குலையவில்லை. 1952 ஜூலையில் ஊழியர் சேமநிதிச் சந்தா தொடங்கியது: தொழிலாளியிடம் ஐந்து விழுக்காடு, முதலாளியிடம் ஐந்து விழுக்காடு. ஏட்டில் இரண்டு பத்திகள் கூடின. 1957 ஜூனில் வேலைவாய்ப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது: மிகைநேரம், ஓய்வுநாள், பிரசவ விடுப்பு. 1970களில் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டம் வந்தது, ராத்தல் கிலோவானது. பாலை நிறுத்து, அதன் செறிவைக் காட்டும் மெட்ரோலாக் கருவியை முக்கி, காய்ந்த ரப்பரின் அளவைக் கணித்து எழுதுவதற்கும் அதே வரிசையே இடம் தந்தது.

இதெல்லாம் சட்டமும் சங்கமும் போராடிப் பெற்றவை, ஏட்டுக்கு இதில் என்ன பெருமை என்ற மறுப்பு எழும். 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பங்கைக் குறைக்க எனக்கு மனமில்லை. உரிமையைக் கேட்டது அவர்கள்தாம். ஆனால் கேட்டுப் பெற்ற உரிமை வந்து இறங்க ஒரு கட்டம் வேண்டும், கட்டத்துக்கு ஒரு பேர் வேண்டும். பேர் இருந்தும் போதாத நேரம் ஒன்றும் வந்தது. 1968-இல் இயற்றப்பட்ட சட்டம் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வைத்திருக்க வேண்டும் என்றது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் தோட்டங்களை விட்டுத் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். எத்தனையோ ஆண்டு உழைப்பு நாள் நாளாகக் குறிக்கப்பட்ட ஏட்டில், அவர்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள் என்று சொல்ல ஒரு கட்டம் இல்லை. நடைமுறை புதிய தேவைக்குச் சிரமமின்றி வளைந்தது. வளைந்த சுமை மனிதர்கள் மேல் விழுந்தது. மாற்றத்துக்கு ஏற்ற கருவியை நாம் புகழும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

செக்ரோலை உண்மையில் அசைத்தது செம்பனை. பால்மரத்தில் ஒருவருக்கு ஒரு நிரை. அவர் வெட்டி, அவர் சேர்த்து, அவர் நிறுத்தார். செம்பனையில் ஒருவர் குலையை அறுப்பார், இன்னொருவர் மட்டையை அடுக்குவார், வேறொருவர் உதிரிப் பழம் பொறுக்குவார். எண்ணப்படுவது குலை, அல்லது டன். வேலையின் வகைகளும் நிலைத்து நிற்கவில்லை. மகரந்தத்தை டால்க் பொடியில் கலந்து பூவுக்குப் பூ ஊதிவிட ஆட்களை வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. பூச்சியியலாளர் ரஹ்மான் சையது கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, மகரந்தம் சேர்ப்பது ஒரு சிறு வண்டு என்று கண்டறிந்தார். 1981 பிப்ரவரியில் குளுவாங் அருகே பாமோல் தோட்டத்தில் அவ்வண்டுகள் பறக்கவிடப்பட்டன. சில ஆண்டுகளில் தீபகற்பம் முழுவதும் கையால் ஊதும் வேலை மறைந்தது. குலைகள் கனத்தன, பருப்பின் பங்கு கூடியதால் ஆலைகளும் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஏட்டில் ஒரு வேலைப்பிரிவே அழிந்தது. அதையும் அது தாங்கிக்கொண்டது. பிரிவு போனாலும் ஆள் வரிசையில் இருந்தாரே.

தாங்க முடியாதது வேறு. கூலி டன் கணக்கில் வந்ததும், கணவர் அறுக்க மனைவி உதிரிப் பழம் பொறுக்குவது பல தோட்டங்களில் வழக்கமானது. சம்பளம் கணவர் பேரில் விழுந்தது. இருவர் உழைப்பு ஒரு வரிசைக்குள் அடங்கியபோது பொறுக்கியவருக்குச் சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை. அறுவடையைக் குத்தகையாளரிடம் விட்ட தோட்டங்களில் அந்த ஒரு வரிசையும் போயிற்று. அங்கே அலுவலகம் எண்ணுவது குத்தகையாளரையும் டன்னையும் மட்டுமே. கங்காணியின் கூட்டம் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இனி கணினி இந்தக் குறையைத் தீர்த்திருக்குமே என்ற எண்ணத்துக்கு வருவோம். சம்பளம் போடும் மென்பொருள் பெரும்பாலும் செக்ரோலையே திரைக்கு எடுத்துச் சென்றது: வரிசைக்கு ஆள், கட்டத்துக்கு நாள். விதிகள் மாறும்போது அது வேகமாக மாறும் என்பது உண்மை. சரக்கு, சேவை வரியான ஜிஎஸ்டி 2015 ஏப்ரலில் வந்தது, 2018 ஜூனில் பூஜ்யமானது, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பியது. மூன்றரை ஆண்டுக்குள் இத்தனை திருப்பங்கள். கணக்கு மென்பொருள்கள் ஈடுகொடுத்தன, ஏனென்றால் எண்ணும் அலகான விலைப்பட்டியல் மாறவில்லை. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களுக்குத் தொடங்கிய மின்விலைப்பட்டியலும் அப்படியே. குத்தகையாளரின் பட்டியலில் டன்னும் தொகையும் வரியும் பிசகின்றிச் சரிபார்க்கப்படும். குலையை அறுத்தது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க ஒரு கட்டம் வைக்கப்படவில்லை.

2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் முதலாளி இரண்டு, தொழிலாளி இரண்டு விழுக்காடு என்று சேமநிதி செலுத்த வேண்டும். ஜொகூர்த் தோட்டங்களில் இன்று அறுவடைக் கம்பைப் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும்தான். டன்னுக்குச் சந்தா கட்ட முடியாது. ஆளுக்குத்தான் கட்ட முடியும். ஆகவே குத்தகையாளரின் கூட்டமும் பேர் பேராகப் பிரிந்து ஏட்டில் இறங்கியாக வேண்டும். அந்தப் பட்டியல் எழுதப்படும்போது, மரத்தடியில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிறவருக்கு அதில் தனி வரிசை உண்டா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.